லேமினேட் தரை ஏன் சத்தம் போடுகிறது? காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாகப் போட்ட லேமினேட் தரை காலடியில் கிரீச்சிட ஆரம்பித்தால் முதலில் திட்டு வாங்குவது பலகைதான். "மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள்" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவார்கள். உண்மையில் பலகை குற்றவாளியாக இருப்பது அபூர்வம். மலிவான பலகை சீக்கிரம் தேயும், ஓரம் உரியும், நிறம் மங்கும். ஆனால் சத்தம் பெரும்பாலும் பலகைக்குக் கீழே இருந்தோ சுவர் ஓரத்தில் இருந்தோதான் வருகிறது. கடைசி நாள் வேலையை அவசரமாக முடித்துவிட்டுப் போனவர்களின் கைவண்ணம் அந்த இரண்டு இடங்களில்தான் ஒளிந்திருக்கும்.

இந்த வழிகாட்டி சென்னை போன்ற ஊர்களின் அடுக்குமாடி வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. கான்கிரீட் தளம், அதன் மேல் சிமெண்ட் தரையோ வெட்ரிஃபைட் டைலோ இருக்கும். அதை உடைக்காமல் அப்படியே அதன் மேல் படுக்கையறையில் லேமினேட் போட்டிருப்பார்கள், அறையில் ஏ.சி. ஓடும். கனடா, இங்கிலாந்து போன்ற நாடுகளின் மரச்சட்ட வீடுகளில் கதை கொஞ்சம் வேறு. அதற்குத் தனியாக ஒரு பகுதி பின்னால் வருகிறது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: இது மிதக்கும் தரை

லேமினேட் பலகையின் நடுப்பகுதி, மரநாரை மிக அதிக அழுத்தத்தில் இறுக்கிச் செய்த எச்.டி.எஃப். அட்டை. அதன் மேல் மரத்தின் படம் அச்சிட்ட தாள், அதற்கு மேல் தேய்மானத்தைத் தாங்கும் மெலமைன் பூச்சு. பலகை வளையாமல் இருக்க அடிப்பக்கத்திலும் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். கனம் பொதுவாக 7, 8, 10 அல்லது 12 மி.மீ. ஸ்வீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் 1977-இல் உருவாக்கிய சரக்கு இது. தொடக்க காலத்தில் பலகைகளைப் பசை தடவித்தான் சேர்த்தார்கள். 1990-களின் பிற்பாதியில் பசையே இல்லாத கிளிக் பூட்டு வந்தது. ஒரு பலகையின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு, அடுத்த பலகையின் விளிம்பில் குடைந்திருக்கும் காடிக்குள் சாய்வாக நுழைந்து மாட்டிக்கொள்ளும். இன்று நாம் வாங்குவதெல்லாம் பெரும்பாலும் இந்த வகை.

இப்படிப் பூட்டிய தரை கீழே எதோடும் ஒட்டப்படுவதில்லை, ஆணியும் அடிக்கப்படுவதில்லை. தளத்துக்கும் பலகைக்கும் நடுவில் விரிக்கும் நுரைத்தாளின் மேல் ஒரு பெரிய பாய் விரித்ததுபோல் மொத்த அறைக்கும் ஒரே விரிப்பாகக் கிடக்கிறது. எச்.டி.எஃப். என்பது மரநார். காற்றில் ஈரம் ஏறினால் விரியும், குறைந்தால் சுருங்கும். அந்த விரிப்பு முழுவதும் சேர்ந்து சுவரை நோக்கி நகரும், பிறகு திரும்பி வரும்.

ஆகவே இந்தத் தரைக்கு இரண்டு தேவைகள். பக்கவாட்டில் தாராளமாக நகர இடம் வேண்டும். மேலும் கீழும் அசையாமல் உறுதியான தாங்கல் வேண்டும். லேமினேட் போடும் பெரும்பாலான சத்தங்கள் இந்த இரண்டில் ஏதாவது ஒன்று கெட்டதால் வருபவைதான். எது கெட்டிருக்கிறது என்று தெரியாமல் தரையைப் பிரித்துப் போட்டால் காசும் போகும், சத்தமும் அப்படியே இருக்கும்.

படி 1: சத்தத்தின் வகையைப் பிரித்தறியுங்கள்

காலையில் வண்டிச் சத்தமும் மின்விசிறியும் இருக்கும்போது கேட்டால் எல்லாமே ஒன்றுபோல் தோன்றும். இரவு, வீடு அடங்கிய பிறகு, விசிறியை நிறுத்திவிட்டு வெறுங்காலோடு மெதுவாக நடந்து பாருங்கள்.

'கிரீச்' என்று இழுத்துக் கேட்டால் இரண்டு பரப்புகள் உரசுகின்றன. நாக்கும் காடியும் அழுத்தத்தில் ஒட்டிக்கொண்டு, பிறகு சட்டென்று வழுக்கி, மீண்டும் ஒட்டும். இது நொடிக்குப் பல முறை நடப்பதால் அந்த இழுவை ஒலி பிறக்கிறது. சுவர் ஓரத்தில் பலகையும், சுவரின் அடியில் ஓடும் ஸ்கர்டிங் பட்டையும் உரசினாலும் இதே ஒலிதான்.

'டக்' அல்லது 'டிக்' என்று ஒரே ஒரு முறை கேட்டால், இறுக்கத்தில் இருந்த ஏதோ ஒன்று விடுபடுகிறது. ஆள் நடக்காதபோதே, குறிப்பாக ஏ.சி. போட்ட சிறிது நேரத்திலோ மதிய வெயில் தரையில் விழும்போதோ இது கேட்டால், தரை எங்கோ சிக்கிக்கொண்டிருக்கிறது என்று கிட்டத்தட்டத் தீர்மானமாகச் சொல்லலாம்.

'டொக் டொக்' என்று வெற்றுப் பெட்டியைத் தட்டுவது போன்ற ஒலி கீழே காலியிடம் இருப்பதைக் காட்டுகிறது. மிதிக்கும்போது பலகை லேசாக இறங்குவதும் காலுக்குத் தெரிந்தால், தளத்தில் பள்ளம். இறங்கவில்லை, ஒலி மட்டும் அறை முழுவதும் ஒரே சீராக இருக்கிறது என்றால் அது பழுதல்ல. மிதக்கும் தரையின் இயல்பே அப்படி. நுரைத்தாள் எவ்வளவு மலிவோ அவ்வளவு அதிகமாகக் கேட்கும்.

'நெறுநெறு' என்று மணலை மிதித்தது போன்ற ஒலிக்குக் காரணம் பெரும்பாலும் மணலேதான். பலகை வெட்டிய மரத்தூளும் சிமெண்ட் துகளும் கூட்டப்படாமல் நுரைத்தாளுக்கு அடியில் கிடக்கும். பூட்டின் காடிக்குள் தூள் சேர்ந்திருந்தாலும் இந்த ஒலி வரும்.

கடைசியாக ஒன்று. டைல் மேல் லேமினேட் போட்டால் தரைமட்டம் நுரையோடு சேர்த்து ஏறத்தாழ 10 மி.மீ. உயர்ந்துவிடும். கதவின் அடிப்பக்கத்தைப் போதுமான அளவு இழைக்காமல் விட்டிருந்தால், கதவு தரையைத் தொட்டு உரசும். அறைக்குள் நுழையும்போது மட்டும் கிரீச் கேட்கிறது என்பவர்கள் தரையைச் சந்தேகிக்கும் முன் கதவைப் பார்த்துவிடுவது நல்லது.

படி 2: சத்தத்துக்கு ஒரு வரைபடம் போடுங்கள்

வர்ணம் அடிப்பவர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப் ஒரு சுருள் வாங்குங்கள். மற்ற டேப்புகள் பசையை விட்டுச்செல்லும். ஒருவர் நடக்கட்டும். இன்னொருவர் தரையில் உட்கார்ந்து உள்ளங்கையை விரித்துப் பலகை மேல் வைத்திருக்கட்டும். காதுக்குச் சத்தம் வரும் இடமும், கைக்கு அசைவு தெரியும் இடமும் பல நேரங்களில் வேறுவேறாக இருக்கும். டேப்பை ஒட்ட வேண்டியது கைக்கு அசைவு தெரிந்த இடத்தில்.

அறை முழுவதும் முடிந்ததும் எழுந்து நின்று பாருங்கள். டேப்புகள் சுவர் ஓரமாக வரிசை கட்டினால், சுவருக்கும் பலகைக்கும் நடுவில் விட வேண்டிய ஓர இடைவெளியில் பிரச்சினை. நடு அறையில் ஒரு திட்டாகக் குவிந்தால் பள்ளமோ மேடோ. ஒரே பலகை வரிசையில் நீளமாகப் போனால் அந்த வரிசையின் பூட்டு. குளியலறைச் சுவரை ஒட்டி இருந்தால் ஈரம். அலமாரி, கட்டில் கால் ஆகியவற்றைச் சுற்றி இருந்தால் பாரம். தாறுமாறாக எங்கும் இருந்தால் நுரைத்தாளின் தரம்.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதிகமாகி, பங்குனி வாக்கில் குறையும் சத்தம் ஓர இடைவெளி இல்லாத தரையின் கையெழுத்து. ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பது தளத்தின் மட்டக்குறை. போட்ட முதல் சில வாரங்களில் நுரைத்தாள் அமுங்கி உட்காரும்வரை அங்கொன்றும் இங்கொன்றுமாக 'டிக்' கேட்பது இயல்பு. அதற்குப் பிறகும் குறையாமல் கூடிக்கொண்டே போனால்தான் கவலைப்பட வேண்டும்.

படி 3: ஓரத்தைத் திறந்து பாருங்கள்

நம் ஊரில் போடப்படும் லேமினேட்டில் சத்தத்துக்கான முதல் காரணம் எது என்று என்னிடம் கேட்டால், ஓர இடைவெளி இல்லாததுதான் என்பேன். நல்ல செய்தி என்னவென்றால், மிகக் குறைந்த செலவில் சரியாவதும் இதுதான்.

சுவரைச் சுற்றி, தூணைச் சுற்றி, கதவு நிலையைச் சுற்றி 8 முதல் 10 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். பெரிய அறைகளுக்கு, அகலத்தில் மீட்டருக்கு 1.5 மி.மீ. வீதம் ஒவ்வொரு பக்கமும் விடுவது வழக்கக் கணக்கு. அதாவது 5 மீட்டர் அறைக்குக் கணக்கு 7.5 மி.மீ.தான், மேலே சொன்ன 8 மி.மீ. போதும்; 8 மீட்டருக்கு 12 மி.மீ. வேண்டும். நிறுவனத்துக்கு நிறுவனம் இது கொஞ்சம் மாறும். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் எழுதியிருப்பார்கள். அந்தத் தாள் வழக்கமாக முதல் நாளே குப்பைக்குப் போய்விடுகிறது.

டேப் அதிகமாக ஒட்டியிருக்கும் சுவரில் ஸ்கர்டிங்கைக் கழற்றுங்கள். சுவர்ப் பூச்சு பெயராமல் இருக்க, ஸ்கர்டிங்கின் மேல் விளிம்பில் கத்தியால் வர்ணத்தைக் கீறிவிட்டு, பட்டை உளியைப் பின்னால் விட்டு மெதுவாக நெம்புங்கள். சுவருக்கும் உளிக்கும் நடுவில் ஒரு மெல்லிய பலகைத் துண்டை வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றியதும் கீழே விளக்கடித்துப் பாருங்கள். பலகையின் விளிம்பு சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால், தொடும் இடத்தில் பூச்சு மாவாக உதிர்ந்து வெள்ளைக் கோடாகக் கிடக்கும். எச்.டி.எஃப். விளிம்பு நசுங்கி மினுமினுப்பாக இருக்கும். அந்த இடம்தான் ஒவ்வொரு அடிக்கும் கத்திக்கொண்டிருந்தது.

இங்கே அடிக்கடி தென்படும் கோளாறுகள் இவை. பழைய டைல் ஸ்கர்டிங்கைச் சுவரிலேயே விட்டுவிட்டு, அதை முட்டும்படி பலகையை வெட்டி, அதன் மேல் புதிய ஸ்கர்டிங்கை ஒட்டியிருப்பார்கள். இடைவெளி விட்டிருந்தாலும் "பூச்சி வரும்" என்று அதில் வெள்ளை சிமெண்டையோ சுவர்ப் புட்டியையோ இட்டு நிரப்பியிருப்பார்கள். காய்ந்த பிறகு அது சுவரேதான். ஸ்கர்டிங்கின் ஆணி சுவரில் ஏறாமல் சாய்ந்து பலகைக்குள் இறங்கியிருக்கும். ஒரே ஓர் ஆணி போதும், மொத்தத் தரையையும் அந்த இடத்தில் அறைந்து வைக்க. கதவு இடித்துக்கொள்ளாமல் இருக்கப் பொருத்தும் தடுப்பானைப் பலகை வழியாகத் துளைத்துத் தளத்தில் திருகியிருப்பதும் அப்படித்தான்.

கதவு நிலை தனிக்கதை. முறைப்படி நிலையின் அடிப்பகுதியைப் பலகையின் உயரத்துக்கு ரம்பத்தால் அறுத்து, பலகையை அதன் அடியில் செருக வேண்டும். தேக்கு நிலையில் ரம்பம் வைக்க வீட்டுக்காரரும் தயங்குவார், ஆசாரியும் தயங்குவார். அதனால் நிலையின் வடிவத்துக்குப் பலகையை வெட்டி, இடுக்கே தெரியாமல் இறுக்கிப் பொருத்திவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். மழைக்காலம் வந்தால் அந்த இடம்தான் முதலில் கத்தும்.

சரிசெய்வது எளிது. தொடும் இடங்களில் அதிர்வு ரம்பம் எனப்படும் மல்டிடூலால் 8 முதல் 10 மி.மீ. அறுத்தெடுங்கள். அது இல்லாவிட்டால் கூரான உளியும் பொறுமையும் போதும். தூளை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். ஸ்கர்டிங்கைத் திரும்பப் பொருத்தும்போது ஆணியோ பசையோ சுவரில் மட்டுமே படட்டும். ஸ்கர்டிங்குக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு தபால் அட்டையைச் செருகிவைத்துப் பொருத்திவிட்டு, பிறகு அட்டையை உருவிவிடுங்கள். இறுக்கம் தளர்ந்து தரை தன் இடத்தில் படிய சில நாட்கள் ஆகும். அறுத்த அன்றைக்கே சத்தம் நிற்கவில்லை என்று பதற வேண்டாம்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது நீளம். பல நிறுவனங்கள் ஒரே ஓட்டமாக 8 முதல் 10 மீட்டருக்கு மேல் போட வேண்டாம் என்கின்றன. அறைக்கு அறை, வாசல்படியில் ஒரு பட்டி வைத்துத் தரையைப் பிரிக்க வேண்டும். கூடம், நடை, இரண்டு படுக்கையறை எல்லாம் ஒரே விரிப்பாக இருந்தால் பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்பதால் பட்டி வேண்டாம் என்று வீட்டுக்காரர்களே சொல்லிவிடுகிறார்கள். ஓர் அறையில் ஏ.சி., அடுத்த அறையில் திறந்த ஜன்னல் என்றால் அந்த விரிப்பின் இரண்டு முனையும் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். நடுவில் உள்ள வாசல்தான் அடிபடும்.

படி 4: பாரத்தைக் கணக்கில் எடுங்கள்

8 மி.மீ. லேமினேட் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 7 கிலோ. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் மொத்தத் தரையும் 80 கிலோவுக்குள்தான் இருக்கும். துணி நிரம்பிய மூன்று கதவு அலமாரி அதைவிட அதிக எடை. அப்படியொரு அலமாரி ஒரு சுவரிலும், பெட்டிக்கட்டில் எதிர்ச்சுவரிலும் உட்கார்ந்தால் தரை இரண்டு பக்கமும் அமுக்கப்பட்டு நடுவில் உப்பும். நடக்கும்போது உப்பிய பகுதி இறங்கி ஏறும்.

சுவரோடு பொருத்தும் அலமாரியையும் மாடுலர் சமையலறைப் பெட்டிகளையும் முதலில் நிறுவிவிட்டு, அவற்றைச் சுற்றி இடைவெளியோடு லேமினேட் போடுவதே சரியான முறை. ஏற்கெனவே மேலே ஏற்றிவிட்டவர்கள், எதிர்ப்பக்கத்துக் கனமான பொருளையாவது வேறு இடத்துக்கு மாற்றி ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். சத்தம் குறைந்தால் விடை கிடைத்துவிட்டது.

படி 5: தளத்தின் மட்டத்தைச் சோதியுங்கள்

கொத்தனார்கள் பூச்சு மட்டம் பார்க்கும் 2 மீட்டர் அலுமினியச் சட்டம் ஒன்று வேண்டும். டேப் குவிந்த இடத்தில் அதைப் படுக்கப் போட்டுச் சுற்றிலும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். 2 மீட்டர் நீளத்தில் 3 மி.மீ.-க்கு மேல் பள்ளமோ மேடோ இருக்கக்கூடாது. சில நிறுவனங்கள் 2 மி.மீ. என்றே கறாராகச் சொல்கின்றன. மொத்தத் தரையும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பரவாயில்லை. ரசமட்டத்தில் நீர்க்குமிழி நடுவில் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. தட்டையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவு கொடுத்துப் போட்ட பழைய சிமெண்ட் தரையில்கூட, சரிவு சீராக இருந்தால் லேமினேட் நன்றாகவே படுக்கும்.

பலகை மேல் சட்டம் வைத்துப் பார்ப்பது ஓரளவுக்குத்தான் உண்மையைச் சொல்லும். ஏனெனில் பலகை பள்ளத்தின் மேல் பாலம் போட்டு நிற்கும். அதனால் சட்டத்தை வைத்துவிட்டு அருகில் ஒருவர் மிதிக்க வேண்டும். அப்போது தெரியும் இடுக்குதான் கணக்கு. ஐந்து ரூபாய் நாணயத்தால் பலகை பலகையாகத் தட்டிக்கொண்டே போனாலும் கனத்த ஒலி எங்கே முடிகிறது, வெற்றொலி எங்கே தொடங்குகிறது என்று எல்லை கட்டலாம்.

மிதிக்கும்போது பாலம் இறங்கும், காலை எடுத்தால் ஏறும். ஒவ்வொரு முறையும் நாக்கு காடிக்குள் மேலும் கீழும் அசையும். சில மாதங்களில் எச்.டி.எஃப். நாக்கு தேய்ந்து மெலியும். தேய்ந்த பூட்டு இன்னும் அசையும், இன்னும் தேயும். பள்ளத்தை அலட்சியப்படுத்தினால் கடைசியில் பலகையும் போய்விடுவது இப்படித்தான்.

மேட்டுக்கும் இதே விளைவுதான். டைல் மேல் போட்ட தரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய டைலுக்கு அடியில் கலவை சரியாகப் பரவாமல் பொள்ளலாக இருந்தால், டைலே ஆடும். அப்போது 'டொக்' என்பது லேமினேட்டின் ஒலி அல்ல, டைலின் ஒலி. எவ்வளவு உயர்ந்த பலகையை மாற்றினாலும் அது போகாது. போடுவதற்கு முன்பே ஒவ்வொரு டைலையும் மரக்கைப்பிடியால் தட்டிப் பார்த்து, வெற்றொலி தருவதைப் பெயர்த்து நிரப்பியிருக்க வேண்டும். டைல்களுக்கு இடையே உள்ள 2, 3 மி.மீ. கோடுகளைப் பற்றிக் கவலை வேண்டாம். நுரைத்தாள் அவற்றைப் பார்த்துக்கொள்ளும்.

படி 6: நுரைத்தாள்

மெத்தென்று இருந்தால் சத்தம் குறையும் என்று நினைத்து இரண்டு அடுக்கு நுரை போடச் சொல்பவர்கள் உண்டு. போட்டுக்கொடுப்பவர்களும் உண்டு. விளைவு நேர்மாறாக இருக்கும். நுரை எவ்வளவு அமுங்குகிறதோ அவ்வளவு பூட்டு வளைகிறது. 2 அல்லது 3 மி.மீ. கனமுள்ள அடர்த்தியான தாள்தான் சரி. பலகையின் அடியிலேயே மெத்தைத்தாள் ஒட்டி வந்திருந்தால் தனியாக எதுவும் போடக்கூடாது.

நல்ல தாளின் உறையில் சி.எஸ். என்று ஓர் எண் இருக்கும். அமுக்கத்தை எவ்வளவு தாங்கும் என்பதை அது கிலோபாஸ்கலில் சொல்கிறது. ஐரோப்பிய லேமினேட் உற்பத்தியாளர்களின் பரிந்துரைப்படி குறைந்தது 10, நல்ல தாங்கலுக்கு 60-க்கு மேல். ஆர்.டபிள்யூ.எஸ். என்ற குறி அறைக்குள்ளேயே எதிரொலிக்கும் நடைச்சத்தத்தையும், ஐ.எஸ். என்ற குறி கீழ்வீட்டுக்கு இறங்கும் காலடிச் சத்தத்தையும் குறிக்கும். கீழ்வீட்டுக்காரர் புகார் சொல்கிறார் என்றால் பார்க்க வேண்டியது ஐ.எஸ். எண்ணை. உங்கள் அறையில் செருப்போடு நடந்தால் டொக்டொக் என்கிறது என்றால் ஆர்.டபிள்யூ.எஸ். ஒன்றுக்கு நல்ல தாள் மற்றொன்றுக்கும் நல்லதாக இருக்க வேண்டும் என்பதில்லை. சுருளாக, பெயரே இல்லாமல் விற்கும் வெள்ளை நுரையில் இந்த எண் எதுவும் இருக்காது. மொத்தச் செலவில் நுரைத்தாளின் பங்கு மிகச் சிறியது. அங்கே மிச்சம் பிடிப்பது எனக்கு எப்போதும் விளங்காத கணக்கு.

நுரைத்தாளின் விளிம்புகளை ஒன்றன் மேல் ஒன்று ஏற்றிப் போட்டிருந்தால் அந்த வரியில் மேடு உண்டாகி, அறையின் குறுக்கே ஒரே நேர்கோட்டில் சத்தம் வரும். விளிம்போடு விளிம்பு முட்டவைத்து டேப் ஒட்ட வேண்டும்.

படி 7: ஈரம் எங்கிருந்து வருகிறது?

வடகிழக்குப் பருவமழையின்போது சென்னையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். லேமினேட்டுக்குப் பிடித்தது 40 முதல் 60 சதவீதம். ஏ.சி. ஓடும் அறையில் அது ஓரளவு கிடைக்கும். வீட்டைப் பூட்டிவிட்டு மழைக்காலத்தில் இரண்டு மாதம் ஊருக்குப் போய் வந்தவர்கள்தான் தரை உப்பியதையும் கத்துவதையும் அதிகம் காண்கிறார்கள். அதற்கு ஓர இடைவெளிதான் மருந்து. காற்றின் ஈரத்தை நாம் ஆள முடியாது.

ஆளக்கூடியவை மூன்று. முதலாவது, தரைத்தளத்தில் கீழிருந்து ஏறும் ஈரம். சுவரின் அடியில் வர்ணம் உப்பி, உப்புப் பூத்திருந்தால் அந்த வீட்டில் லேமினேட்டே கூடாது. சிமெண்ட் தரையில் ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் வைத்துப் பாருங்கள். அடியில் நீர்த்துளியோ கருத்த நிறமோ தெரிந்தால் ஈரம் ஏறுகிறது. கான்கிரீட் தளம் எதுவானாலும் நுரைத்தாளுக்குக் கீழே 200 மைக்ரான் பாலித்தீன் தாள் ஒன்று இருக்க வேண்டும். இரண்டாவது, குளியலறை வாசலில் இருந்து வரும் தண்ணீர். மூன்றாவது, தரை துடைக்கும் தண்ணீர். நம் வீடுகளில் வாளித் தண்ணீரில் முக்கி, சொட்டச் சொட்டத் துடைத்தால்தான் துடைத்த திருப்தி. லேமினேட் அதைத் தாங்காது. பூட்டுக்குள் இறங்கும் தண்ணீர் விளிம்பை ஊதவைக்கும். ஊதிய விளிம்பு காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. இரண்டு ஊதிய விளிம்புகள் உரசும்போது வரும் கிரீச்சுக்குப் பலகையை மாற்றுவது தவிர வேறு வழியில்லை. பிழிந்து, கையில் ஈரம் ஒட்டாத அளவில் துடைக்கச் சொல்லுங்கள்.

படி 8: சரிசெய்யும் வரிசை

செலவு குறைந்ததில் தொடங்குங்கள். ஓரத்தை விடுவியுங்கள், ஆணியைப் பிடுங்குங்கள், பாரத்தை நகர்த்துங்கள். பிறகு இரண்டு வாரம் பொறுங்கள். பாதிக்கு மேற்பட்ட தொல்லைகள் இங்கேயே முடிந்துவிடும்.

ஒன்றிரண்டு பூட்டுகள் மட்டும் கிரீச்சிட்டால், முகப்பவுடரைக் கோட்டின் மேல் தூவி, உலர்ந்த தூரிகையால் உள்ளே தள்ளி, மேலே சில முறை நடந்துவிட்டு மீதியைத் துடையுங்கள். உரசல் குறைந்து சத்தம் அடங்கும். இது நிரந்தரத் தீர்வு அல்ல, சில வாரமோ சில மாதமோ தாங்கும். பவுடருக்குப் பதில் தேங்காய் எண்ணெய் விடலாமா என்று கேட்காதீர்கள். வழுக்கி விழுவீர்கள், தூசி ஒட்டிக் கோடு கறுக்கும்.

பள்ளம் என்று உறுதியானால் பிரித்துத்தான் ஆக வேண்டும். பலகைக்கு இணையாக ஓடும் சுவர்களில், பழுதுக்கு அருகில் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பக்க ஸ்கர்டிங்கைக் கழற்றி, கடைசி வரிசையிலிருந்து தொடங்குங்கள். முழு வரிசையையும் ஒன்றாகச் சாய்த்துத் தூக்கினால் நீளப்பக்கப் பூட்டு விடும். குறுக்குப் பூட்டைத் தூக்கிப் பிரிக்காமல் பக்கவாட்டில் சறுக்கி எடுங்கள். அங்கேதான் அதிகம் உடையும். ஒவ்வொரு பலகையின் முதுகிலும் வரிசை எண்ணையும் இட எண்ணையும் எழுதிவைத்து, கைப்பேசியில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தைத் தானாகச் சமன்படும் லெவலிங் கலவையால் நிரப்புங்கள். டைல் மேல் என்றால் முதலில் அதற்குரிய பிரைமர் அவசியம், இல்லாவிட்டால் கலவை பொரிந்து 'நெறுநெறு' என்று புதிய சத்தத்தைக் கொடுக்கும். மேட்டைக் கிரைண்டரால் தேய்த்து எடுங்கள். மடித்த அட்டை, செய்தித்தாள், கூடுதல் நுரைத்துண்டு எதையும் பள்ளத்தில் திணிக்க வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு, கூட்டி, வேக்குவம் போட்டு, காடிகளைத் தூரிகையால் சுத்தம் செய்து திரும்பப் பூட்டுங்கள். நாக்கு உடைந்த பலகைகளை மாற்றுங்கள். லேசாகத் தளர்ந்தவற்றுக்கு நீர் தாங்கும் டி3 வகை மரப்பசையைக் காடியில் மெல்லிய கோடாகத் தடவலாம். பலகைக்குப் பலகை ஒட்டலாம், பலகையைத் தளத்தோடு ஒட்டக்கூடாது.

சத்தம் வரும் இடத்தில் திருகாணி போட்டு இறுக்குவது மிகக் கெட்ட வைத்தியம். அந்த இடம் அடங்கும், மழைக்காலத்தில் வேறு நான்கு இடங்களில் ஆரம்பிக்கும். சிறு துளையிட்டுப் பசையை ஊசியால் ஏற்றும் முறைக்கும் இதே குறை உண்டு. அறையின் நடுவில் ஒரே ஒரு சிறிய வெற்றிடம், பிரிக்க வழியே இல்லை என்ற நிலையில் மட்டும் அதை யோசிக்கலாம்.

மரச்சட்ட வீடுகளில் இருப்பவர்களுக்கு

டொராண்டோவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் வீட்டு மாடியில் லேமினேட் கத்தினால், முதல் சந்தேகம் அடியில் உள்ள பிளைவுட் அல்லது மரப்பலகைத் தளத்தின் மேல் விழ வேண்டும். அது மரச்சட்டங்களின் மேல் ஆணியால் அறையப்பட்டிருக்கும். ஆண்டுகள் போகப் போக ஆணி தளர்ந்து, மிதிக்கும்போது பலகை ஆணித்தண்டில் ஏறி இறங்கும். சத்தம் அங்கேதான் பிறக்கிறது. லேமினேட்டைப் பிரித்து, தளத்தைச் சட்டங்களோடு திருகாணியால் இறுக்கிய பிறகு மீண்டும் போட வேண்டும். அங்கே திருகாணி சரியான மருந்து, ஏனெனில் அது ஏறுவது அடித்தளத்தில், மிதக்கும் தரையில் அல்ல. இன்னொரு வித்தியாசம், குளிர்காலத்தில் ஹீட்டர் காற்றை உலர்த்துவதால் அங்கே தரை சுருங்கும். பூட்டுகள் தளர்ந்து டிசம்பர் முதல் மார்ச் வரை சத்தம் கூடும். நம் ஊர்க் கணக்குக்கு நேர் எதிர். ஈரப்பதம் ஏற்றும் கருவியை அளவோடு ஓட்டுவது அங்கே உதவும்.

புதிதாகப் போடப்போகிறவர்கள் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டியவை

பெட்டிகள் பிரிக்கப்படாமல் அதே அறையில் படுக்கவைத்து 48 மணி நேரம் இருக்க வேண்டும். தளம் 2 மீட்டருக்கு 3 மி.மீ.-க்குள் தட்டை என்று சட்டம் வைத்துக் காட்ட வேண்டும், உங்கள் கண் முன்னால். நுரைத்தாளின் பெயரும் சி.எஸ். எண்ணும் பில்லில் வர வேண்டும். பலகை வெட்டுவது பால்கனியில், போடும் அறைக்குள் அல்ல. ஸ்கர்டிங் அடிக்கும் முன் நான்கு சுவர் ஓரத்தையும் நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே கடைசித் தவணைப் பணம். வாசல்களில் பட்டி. இவற்றுக்கு முகம் சுளிக்கும் ஒப்பந்ததாரரை அப்போதே அனுப்பிவிடலாம்.

மீதமாகும் பலகைகளைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். ஒரு பெட்டியாவது பரணில் படுக்கவைத்திருங்கள். டிசைன்கள் சில ஆண்டுகளிலேயே சந்தையிலிருந்து போய்விடும். நாக்கு உடைந்த இரண்டு பலகைக்காக அறை முழுவதையும் மாற்ற வேண்டிய நிலை அதனால்தான் வருகிறது.